படகு டிரெய்லர் சேதமானால்: இன்சூரன்ஸ் வழியாகப் புது டிரெய்லர் வாங்குவது எப்படி?

கார் அடிபட்டால் என்ன செய்வது என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். படகு அடிபட்டாலும் கேட்க ஆள் உண்டு. டிரெய்லர் அடிபட்டால்தான் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுகிறார்கள். கார் இன்சூரன்ஸ்காரர் "அது படகுப் பாலிசியில் வரும்" என்பார். படகு இன்சூரன்ஸ்காரர் "ரோட்டில் நடந்ததா? அப்படியானால் கார் பாலிசியைப் பாருங்கள்" என்பார். பின்னால் வந்த வண்டி மோதி என் டிரெய்லரின் ஃப்ரேம் வளைந்தபோது என்னையும் இப்படித்தான் பந்தாடினார்கள்.

கடைசியில் பணம் வந்தது, புது டிரெய்லரும் வந்தது. ஆனால் யாராவது முன்கூட்டியே வரிசையாகச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சட்டமும் பாலிசி வாசகமும் நாட்டுக்கு நாடு மாறும். கீழே உள்ள வேலைகளும் அவற்றின் வரிசையும் பெரும்பாலும் மாறாது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். டிரெய்லர் க்ளெய்மில் "தர மாட்டோம்" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்வது குறைவு. எஸ்டிமேட்டில் எழுதாமல் விட்ட பாகம், கணக்கில் சேராத வரி, யாரும் கேட்காத ஏற்றுகூலி என்று சிறுகச் சிறுகத்தான் பணம் போகிறது. அதனால் எல்லாவற்றையும் எழுத்தில், படத்தில் பிடித்து வையுங்கள்.

1. டிரெய்லரை நகர்த்துவதற்கு முன்

ஆள்களுக்கு அடி இல்லை, ரோட்டில் ஆபத்து இல்லை என்று உறுதியானதும் போனை எடுங்கள். படகு டிரெய்லர்மேல் இருக்கும் நிலையிலேயே படம் எடுப்பது முக்கியம். படகை இறக்கிய பிறகு எடுத்த படத்தில் "இந்த வளைவு விபத்தில் வந்ததா, முன்பே இருந்ததா" என்ற கேள்வி வரும். படகின் அடிப்பாகம் அதைத் தாங்கும் எந்தப் பலகையில் எப்படிச் சரிந்து உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிந்தால் அந்தக் கேள்விக்கு இடமே இருக்காது.

நான்கு மூலைகளிலிருந்தும் முழுப்படம். பிறகு கிட்டப் போய் கப்ளர் (டிரெய்லரைக் காரோடு கோக்கும் முன்முனை), டோ பால் (காரில் கப்ளர் உட்காரும் உருண்டை), பாதுகாப்புச் சங்கிலி, வின்ச் தூண் (படகை இழுத்துக் கட்டும் முன்தூண்), சக்கரங்கள், ஆக்சில், ஸ்பிரிங், விளக்குகள், வயரிங். சேஸிஸ் எண் பொறித்த தகட்டைத் தனியாக, எழுத்து தெரியும்படி எடுங்கள். டயரின் பக்கச் சுவரில் உள்ள எழுத்துகளையும் விடாதீர்கள். அது எதற்கு என்று ஏழாவது படியில் சொல்கிறேன். சுற்றி நடந்தபடி ஒரு வீடியோ எடுத்துவிட்டால் படத்தில் தவறியது அதில் கிடைக்கும்.

வேறு வண்டி சம்பந்தப்பட்டிருந்தால் அதன் பதிவு எண், ஓட்டுநரின் பெயர், அவருடைய பாலிசி விவரம், சாட்சிகளின் தொலைபேசி எண் எல்லாம் அங்கேயே வாங்குங்கள். போலீஸில் பதிந்து அந்தப் பதிவு எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். திருட்டு, நாசவேலை, மோதிவிட்டு ஓடியது என்றால் இந்தப் பதிவு இல்லாமல் க்ளெய்ம் நகரவே நகராது.

வளைந்த டிரெய்லரை "மெதுவாகப் போனால் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வழியில் சக்கரம் கழன்றால் அது தனி விபத்து. அதைக் கட்ட இன்சூரன்ஸ் மறுக்கக் காரணமும் கிடைத்துவிடும். சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது பாலிசிதாரரின் கடமை என்று ஏறக்குறைய எல்லாப் பாலிசியிலும் ஒரு வரி இருக்கும். தட்டையான வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள், மழை பெய்தால் படகுக்குள் தண்ணீர் இறங்காமல் மூடுங்கள். அதற்கு ஆன செலவுக்கு ரசீது வாங்குங்கள். நியாயமான செலவைப் பெரும்பாலும் திருப்பித் தருவார்கள்.

2. எந்தப் பாலிசி என்று முடிவு செய்யுங்கள்

போனில் கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் வரும். பாலிசியின் முதல் பக்கங்களில் உள்ள விவரப் பட்டியலை நீங்களே எடுத்துப் படியுங்கள். பணம் வரக்கூடிய இடங்கள் நான்கு.

எதிராளி மேல் தவறு என்றால் அவருடைய இன்சூரன்ஸ். இதில் உங்கள் கையிலிருந்து போட வேண்டியது பொதுவாக எதுவும் இல்லை. டிரெய்லர் இல்லாத நாட்களுக்கான வாடகை, நிறுத்துமிடக் கட்டணம் போன்றவற்றையும் கேட்கலாம். ஆனால் அவர்கள் தருவது சந்தை மதிப்புதான், புது விலை அல்ல. தவறு யாருடையது என்பதில் தகராறு வந்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

அடுத்தது படகுப் பாலிசி. இங்கே பார்க்க வேண்டியது, பட்டியலில் டிரெய்லர் தனி வரியாக, தனித் தொகையோடு இருக்கிறதா என்பது. சிலவற்றில் படகு, எஞ்சின், டிரெய்லர் மூன்றும் தனித்தனியாக இருக்கும். சிலவற்றில் எல்லாம் ஒரே தொகைக்குள் அடங்கும். இன்னும் சிலவற்றில் டிரெய்லர் என்ற சொல்லே இருக்காது; நீங்கள் கேட்டுச் சேர்த்திருந்தால்தான் உண்டு.

மூன்றாவது கார் பாலிசி. பலர் ஏமாறும் இடம் இது. "டிரெய்லருக்கும் பாதுகாப்பு உண்டு" என்று விற்கும்போது சொல்வார்கள். டிரெய்லர் காரோடு கோத்திருக்கும்போது பிறருக்கு உண்டாக்கும் சேதத்தைத்தான் அது பெரும்பாலும் குறிக்கும். டிரெய்லருக்கே வந்த சேதம் வேண்டுமானால் அது பாலிசியில் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும்.

நான்காவது வீட்டுப் பாலிசி. வாசலில் நின்ற டிரெய்லர்மேல் மரம் விழுந்தது, தீப்பிடித்தது, திருடு போனது என்றால் சில நாடுகளில் இதைப் பார்க்கலாம். படகுக்கும் டிரெய்லருக்கும் சேர்த்து மிகச் சிறிய உச்சவரம்பு வைத்திருப்பார்கள். வேறு வழி இல்லாதபோது மட்டும் போங்கள்.

பாலிசி எது என்று தெரிந்ததும், மதிப்பு எப்படிக் கணக்கிடுவார்கள் என்ற வரியைத் தேடுங்கள். மூன்று வகை உண்டு. ஒப்புக்கொண்ட மதிப்பு என்றால் முழுச் சேதத்தில், அதாவது பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாத சேதத்தில், பட்டியலில் உள்ள தொகை அப்படியே. புதியதற்குப் புதியது என்றால் அதே தரத்தில் புதிது. இதற்கு வயது வரம்பு இருக்கலாம். தேய்மானம் கழித்த மதிப்பு என்றால் இன்றைய சந்தை விலை. படகுக்கு முதல் வகையும் டிரெய்லருக்கு மூன்றாம் வகையும் ஒரே பாலிசியில் இருப்பது உண்டு, கவனமாகப் பாருங்கள்.

விலக்குகளையும் அப்போதே படித்துவிடுங்கள். பாகங்கள் தேய்ந்துபோவது, துரு, படிப்படியான சிதைவு, பராமரிப்புக் குறைவு, அளவுக்கு மீறிய எடை ஆகியவை பெரும்பாலும் விலக்குதான். பேரிங் தேய்ந்து சக்கரம் கழன்றால் பேரிங்குக்குப் பணம் வராது. கழன்றதால் டிரெய்லர் கவிழ்ந்து ஃப்ரேம் உடைந்தால் அந்த உடைப்புக்கு வருமா என்பது பாலிசி வாசகத்தைப் பொறுத்தது; சிலவற்றில் "விளைவாக வந்த சேதம்" ஏற்கப்படும். திருட்டுக்குச் சக்கரப் பூட்டோ கப்ளர் பூட்டோ போட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பரவலாக உண்டு. பூட்டு வாங்கிய ரசீது இருந்தால் எடுத்துவையுங்கள்.

3. தகவல் சொல்லும்போது

எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். தாமதத்தைக் காரணம் காட்டி மறுக்க அவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்காதீர்கள். எதிராளியின் இன்சூரன்ஸில் கேட்கப் போகிறீர்கள் என்றாலும் உங்கள் நிறுவனத்துக்கும் ஒரு வரி தெரிவித்துவிடுங்கள். தெரிவிப்பது வேறு, க்ளெய்ம் போடுவது வேறு. எதிர்த்தரப்பு பின்னால் கையை விரித்தால் உங்கள் பாலிசியின் கதவு திறந்திருக்க வேண்டும்.

பேச்சு பதிவாகிறது என்ற நினைவோடு பேசுங்கள். நடந்தது என்ன, எங்கே, எப்போது என்று சொல்லுங்கள். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள் என்கிறேன். "ஒருவேளை ஸ்பிரிங் முன்பே வலுவிழந்திருக்குமோ என்னவோ" என்று பேச்சோடு பேச்சாக விட்ட ஒரு வார்த்தை, கோப்பில் "பாலிசிதாரரே முன்சேதத்தை ஒப்புக்கொண்டார்" என்று ஏறிவிடும்.

க்ளெய்ம் எண் வாங்கியதும், பேசியதன் சாரத்தை அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். இரண்டு வரி போதும். கோப்பு கைமாறிப் புது அதிகாரி வரும்போது உங்களைக் காப்பாற்றப் போவது அந்த இரண்டு வரிதான்.

4. ஆவணங்கள்

கேட்கும்போது தேடாமல் ஒரே கோப்புறையில் சேர்த்துவையுங்கள்:

- பாலிசி முழுப் பிரதி, விவரப் பட்டியலோடு
- டிரெய்லரின் பதிவுச் சான்று, படகின் பதிவுச் சான்று
- வாங்கிய பில். படகோடு சேர்த்து வாங்கியிருந்தால் டிரெய்லரின் விலை தனியே தெரியும் பக்கம்
- இழுத்த வண்டியின் பதிவு, ஓட்டியவரின் உரிமம்
- போலீஸ் பதிவு, படங்கள், வீடியோ
- பராமரிப்பு ரசீதுகள்: பேரிங், பிரேக், டயர், விளக்கு
- பின்னால் சேர்த்த பொருட்களின் பில்
- இழுவைக் கட்டணம், நிறுத்துமிட ரசீதுகள்
- கடன் இருந்தால் கடன் நிலுவைக் கடிதம்

இதில் பராமரிப்பு ரசீதுகளைத்தான் தங்கமாகப் பாதுகாக்க வேண்டும் என்பேன். "தேய்ந்து போனதுதான் காரணம்" என்ற வாதத்துக்கு ஒரே பதில் அவைதான். பேரிங்கை நீங்களே மாற்றியிருந்தால் பாகம் வாங்கிய பில் போதும்.

பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். பல நாடுகளில் இது 17 இலக்கம். அதில் ஆங்கில ஐ, ஓ, கியூ எழுத்துகள் வராது. ஒன்று என்ற எண்ணை ஐ என்றும் சுழியத்தை ஓ என்றும் யாராவது எழுதியிருந்தால் இப்போதே பதிவு அலுவலகத்தில் திருத்துங்கள். பணம் தரும் நேரத்தில் இது வெளிவந்தால் வாரக்கணக்கில் நிற்கும். உப்பு நீரில் தகடு அரித்து எண் படிக்க முடியாமல் போயிருந்தாலும் அங்கேயே வழி கேளுங்கள்.

கடன் பாக்கி இருந்தால் காசோலை உங்கள் பெயரில் மட்டும் வராது, கடன் கொடுத்தவர் பெயரும் சேர்ந்திருக்கும். அவரிடம் முன்கூட்டியே பேசி, பணத்தைக் கடனில் கழிக்கப் போகிறாரா, புது டிரெய்லருக்கு விடுவாரா என்று எழுத்தில் வாங்குங்கள்.

5. எஸ்டிமேட்: பணம் நிர்ணயமாகும் இடம்

கார் பட்டறையில் எஸ்டிமேட் வாங்காதீர்கள். அவர்கள் வளைந்ததை நிமிர்த்தி வண்ணம் அடிக்கத் தெரிந்தவர்கள். டிரெய்லர் வேலை மட்டுமே செய்யும் பட்டறைக்குப் போங்கள், முடிந்தால் இரண்டு இடங்களில் வாங்குங்கள். எஸ்டிமேட்டுக்குக் கட்டணம் கேட்டால் அதையும் க்ளெய்மில் சேர்க்க முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே தெரிவது ஒரு விளக்கும் மட்கார்டும் மட்டுமே என்றாலும் பட்டறைக்காரரிடம் நான்கு சோதனைகள் கேளுங்கள். முதலாவது, ஃப்ரேமின் மூலைவிட்ட அளவு. முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் டேப் பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நீண்டால் ஃப்ரேம் சாய்சதுரமாக இழுபட்டிருக்கிறது. கண்ணுக்கு நேராகத் தெரிந்த ஃப்ரேமில் டேப் இரண்டு விரற்கடை வித்தியாசம் காட்டுவதுண்டு. அந்த இரண்டு அளவுகளும் டேப்போடு சேர்ந்து தெரியும் படத்தை எஸ்டிமேட்டோடு இணையுங்கள். நூறு வார்த்தை வாதத்தைவிட அது பேசும்.

இரண்டாவது, சக்கரங்களுக்கிடையே முன்பக்க இடைவெளியும் பின்பக்க இடைவெளியும். இவை மாறினால் ஆக்சில் வளைந்திருக்கிறது. ரப்பர் உள்ளே வைத்த முறுக்கு வகை ஆக்சிலை நிமிர்த்திப் பயன்படுத்த முடியாது, முழுதாக மாற்ற வேண்டும். பட்டை ஸ்பிரிங் வகையில் ஸ்பிரிங், அதைப் பிடிக்கும் கொக்கி, யூ-போல்ட் மூன்றையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது ஹப், அதாவது பேரிங் உள்ளே இருக்கும் சக்கரத்தின் மையப் பகுதி. திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மோதலில் பேரிங்கின் உருளைகள் தம் பாதையில் குழி பதித்திருக்கும். வெளியே சக்கரம் ஒழுங்காகச் சுற்றும், சில பயணங்களுக்குப் பிறகு சூடாகிச் சிக்கிக்கொள்ளும்.

நான்காவது கப்ளரும் அதைத் தாங்கும் முன் நீள்தண்டும். வெல்டு ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பார்க்க வேண்டும்.

டிரெய்லர் துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு என்றால் "வெல்டு வைத்துச் சரிசெய்துவிடலாம்" என்ற பேச்சை அப்படியே ஏற்காதீர்கள். வெல்டின் வெப்பத்தில் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போய்விடும். அந்தப் புகையும் மூச்சுக்கு ஆகாது. மேலே தெளிப்பானில் அடிக்கும் துத்தநாக வண்ணம், உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த பூச்சுக்கு ஈடாகாது. பழைய தரம் வேண்டுமானால் எல்லாவற்றையும் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி முக்க வேண்டும். அந்தச் செலவை எஸ்டிமேட்டில் முறையாக எழுதினாலே பல டிரெய்லர்கள் பழுதுபார்க்க ஏலாதவை என்ற கணக்கில் வந்துவிடும். சேதத்தைப் பார்க்க நிறுவனம் அனுப்பும் சர்வேயரோடு சண்டை போட வேண்டியதில்லை, கணக்கே பேசும்.

படகை மறக்காதீர்கள். டிரெய்லர் வாங்கிய அடி பலகை வழியாகப் படகின் அடிப்பாகத்துக்கும் போயிருக்கும். ஃபைபர் படகில் பலகை தாங்கிய இடங்களிலும் பின்சுவரின் மூலைகளிலும் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள், முன்னால் வின்ச் கொக்கி மாட்டும் வளையத்தைச் சுற்றி வெடிப்பு, வெளிப்புற எஞ்சினின் தாங்கியில் அசைவு, இவற்றைப் பாருங்கள். அலுமினியப் படகில் ரிவெட் வரிசையும் வெல்டு ஓரமும். இது தனி எஸ்டிமேட். டிரெய்லர் பணத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்ட பிறகு படகுச் சேதத்தைச் சொன்னால் கேட்பார் இல்லை.

6. சர்வேயர் வரும் நாள்

நீங்கள் கட்டாயம் உடனிருங்கள். டிரெய்லரைக் கழுவி வைக்கலாம், பழுதுபார்க்கக் கூடாது; உடைந்த விளக்கைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். படகு இறக்கப்பட்டிருந்தால் சர்வேயரால் ஃப்ரேமின் உள்பக்கத்தைப் பார்க்க முடியும். அதற்கான ஏற்பாட்டைப் பட்டறைக்காரரிடம் முன்பே பேசிவையுங்கள். எஸ்டிமேட் பிரதி ஒன்றை அவர் கையில் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் இடத்தோடு காட்டுங்கள்.

கார்களைப் பார்த்துப் பழகிய சர்வேயருக்கு டிரெய்லர் பாகங்களின் விலை தெரியாமல் இருப்பது சகஜம். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பாக விலைப்பட்டியலை அச்செடுத்து நீட்டுங்கள், நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார். படம் மட்டும் அனுப்பினால் போதும் என்று நிறுவனம் சொன்னால், ஹப்பும் உள் ஃப்ரேமும் படத்தில் தெரியாது, நேரில் பாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

பழுதுபார்க்கலாம் என்று முடிவாகி, வேலையின் நடுவே மறைந்திருந்த சேதம் வெளிப்பட்டால், வேலையை நிறுத்திக் கூடுதல் எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் வாங்கிய பிறகே தொடரச் சொல்லுங்கள்.

7. கணக்கு

அதே தரத்தில் புது டிரெய்லரின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். பாலிசி தேய்மானம் கழிக்கும் வகை. வயதுக்காக 35 கழித்தால் 65. பாலிசிப்படி நீங்கள் போட வேண்டிய பங்கு, அதாவது டிடக்டிபிள் அல்லது எக்ஸஸ், 10 என்றால் கைக்கு வருவது 55. உடைந்த டிரெய்லரை நீங்களே வைத்துக்கொள்வதாகச் சொன்னால் அதன் கழிவு மதிப்பு 8 என்று மேலும் குறைப்பார்கள்; மிச்சம் 47. வரி, ஏற்றுகூலி, பொருத்துகூலி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து புது டிரெய்லர் உங்களுக்கு 115 ஆகிறது என்றால் பள்ளம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

இந்த 35 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வாய்மொழியாக அல்ல, கணக்குத் தாளாக. காருக்கான தேய்மான அட்டவணையை டிரெய்லருக்குப் போட்டிருந்தால் மறுத்து எழுதுங்கள். நல்ல நிலையில் உள்ள துத்தநாகப் பூச்சு டிரெய்லரோ அலுமினிய டிரெய்லரோ காரைப் போல வேகமாக விலை இறங்குவதில்லை. அதே தாங்குதிறன், அதே ஆக்சில் எண்ணிக்கை, அதே பொருள், ஏறக்குறைய அதே வயது உள்ள பழைய டிரெய்லர்களின் விற்பனை விளம்பரங்களைத் தேதி தெரியும்படி சேமித்து அனுப்புங்கள். மூன்று நான்கு இருந்தாலே போதும். வண்ணம் அடித்த சாதா இரும்பு டிரெய்லரோடு உங்களுடையதை ஒப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அடிக்கடி நடப்பது அதுதான்.

டயர் எழுத்துகளை எடுக்கச் சொன்னது இதற்குத்தான். பக்கச் சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்பு வாரமும் ஆண்டும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். டிரெய்லர் பத்து வயது ஆனாலும் டயர் இரண்டு வயது என்றால் அதன் தேய்மானம் இரண்டு வயதுக்குத்தான். இதே முறையில் மாற்றப்பட்ட பேரிங், பிரேக், எல்இடி விளக்கு, வின்ச், உபரிச் சக்கரம், படகை நேராக ஏற்ற உதவும் வழிகாட்டித் தூண்கள் எல்லாவற்றையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். "டிரெய்லர் ஒன்று" என்று ஒற்றை வரியில் முடித்தால் இவை எல்லாம் போச்சு.

வரி, ஏற்றுகூலி, பதிவுக் கட்டணம் சேருமா என்பது பாலிசியையும் ஊர்ச் சட்டத்தையும் பொறுத்தது. புது டிரெய்லர் வாங்கிய பில்லைக் காட்டினால் மட்டும் வரியைத் தருவோம் என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் அதற்குக் கடைசித் தேதி என்ன என்று எழுத்தில் வாங்குங்கள்.

எதிராளி மேல் தவறு இருந்தும் அவர் பக்கம் இழுத்தடித்தால், உங்கள் பாலிசியிலேயே பணம் வாங்கிக்கொண்டு, எதிராளியிடம் வசூலிக்கும் வேலையை உங்கள் நிறுவனத்திடம் விடலாம். வசூலானால் உங்கள் பங்கும் திரும்பி வரும். என் அபிப்பிராயத்தில், சீசன் நெருங்குகிறது என்றால் இதுவே நிம்மதி. க்ளெய்ம் போடாதவர்களுக்குப் பிரீமியத்தில் தரும் சலுகை பாதிக்கப்படுமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வாடகைக் கணக்கு. டிரெய்லர் பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் நிறுத்துமிடக் கட்டணம் ஏறும். நிறுவனம் தொகையைச் சொன்ன சில நாட்களில் அதைக் கட்டுவதை நிறுத்திவிடும். பேரம் நீண்டால் அந்தச் செலவு உங்கள் தலையில். டிரெய்லரை இலவசமாக நிறுத்த இடம் இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு அங்கே மாற்றிவிட்டுப் பேரம் பேசுங்கள்.

முழுமையும் இறுதியுமான தீர்வு என்ற கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். மேலே சொன்ன எல்லா வரியும் அதில் அடங்கியிருந்தால் மட்டும் போடுங்கள். தகராறு இல்லாத பகுதியை முதலில் கொடுங்கள், மீதியைப் பேசுவோம் என்று கேட்டால் பல நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளும்.

8. மறுத்துவிட்டால்

எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று பிரிவு எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். அந்தப் பிரிவுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். கோபத்தைக் கடிதத்தில் கொட்ட வேண்டாம். பிரச்சினை காரணத்தில் என்றால் சுயேச்சையான சர்வேயரின் அறிக்கை உதவும். அவருடைய கட்டணத்தைத் தகராறுத் தொகையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். பிரச்சினை தொகையில் என்றால் பாலிசியில் மதிப்பீட்டுத் தீர்வு அல்லது நடுவர் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் நிறுவனத்தின் உள் குறைதீர்ப்புப் பிரிவு, பிறகு இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர், கடைசியில் சிறு வழக்கு நீதிமன்றம். ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு உண்டு. அது எந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும் என்று உடனே கேட்டுவையுங்கள்.

9. புது டிரெய்லரைத் தேர்ந்தெடுப்பது

எழுத்தில் ஒப்புதல் வரும் முன் முழுப் பணம் கட்டாதீர்கள். ஆனால் விலைப்பட்டியலும் காத்திருப்புக் காலமும் முதல் வாரத்திலேயே கேட்டுவையுங்கள். உங்கள் படகுக்கு ஏற்றது கையிருப்பில் இல்லாவிட்டால் சீசனுக்கு முந்தைய மாதங்களில் நெடுநாள் காக்கவைப்பார்கள்.

"பழையது மாதிரியே ஒன்று" என்று கேட்பதற்கு முன், பழையது சரியான அளவுதானா என்று பாருங்கள். படகின் வெற்று எடையை மட்டும் பார்த்து டிரெய்லர் விற்கும் கடைகள் உண்டு. பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ. 150 லிட்டர் டேங்க் நிறைந்தால் அதுவே 110 கிலோவுக்கு மேல். எஞ்சின், பேட்டரி, நங்கூரம், சங்கிலி, மீன்பிடிச் சாமான்கள், உள்ளே தேங்கிய தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கூட்டி, அதற்கு மேல் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இடம் விட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள், அந்தச் சீட்டு இன்சூரன்ஸுக்கும் உதவும். பெரிய டிரெய்லர் எடுத்தால் விலை வித்தியாசத்தை நீங்கள் போட வேண்டும். நிறுவனம் முன்பிருந்த தரத்துக்குத்தான் தரும்.

நீளம்: முன்வளையத்திலிருந்து பின்சுவர் வரை அளந்து கொடுங்கள். பலகைகள் பின்சுவர் வரை தாங்க வேண்டும். படகு டிரெய்லருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தால் அடிப்பாகம் காலப்போக்கில் வளையும்.

கப்ளர் அளவு: 50 மில்லிமீட்டரும் 2 அங்குலமும் கண்ணுக்கு ஒன்றுதான், உண்மையில் 2 அங்குலம் என்பது 50.8. 2 அங்குலக் கப்ளரை 50 மில்லிமீட்டர் பாலில் மாட்டினால் மாட்டும், ஆனால் தளர்வாக. இறக்குமதி டிரெய்லர் வாங்குவோர் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துப் பொருத்துங்கள். வயரிங் முனையில் எத்தனை பின், பிரேக் எந்த எடைக்கு மேல் கட்டாயம் என்பதையும் உங்கள் நாட்டு விதியோடு சரிபாருங்கள்.

இதற்கிடையில் படகு எங்கே? கட்டைகள் மேல் வைப்பதானால் படகின் அடியில் நீளவாட்டில் ஓடும் அடித்தண்டுக்குக் கீழே எடை தாங்கும்படி, வடிகால் துளை திறந்து, பின்பக்கம் சற்றுத் தாழ்வாக. படகுத்துறையில் வாடகைக்கு இடம் எடுத்தால் நாள் வாடகை, தூக்குகூலி இரண்டுக்கும் ரசீது வாங்குங்கள்.

10. பழையதை விடுவித்து, புதியதைப் பதிவது

முழுச் சேதம் என்று பணம் வாங்கிவிட்டால், நீங்களே வைத்துக்கொள்வதாகச் சொல்லாத வரை, பழைய டிரெய்லர் நிறுவனத்துக்குச் சொந்தம். ஒப்படைக்கும் முன் நீங்கள் பணம் கேட்காத பொருள் எதையாவது கழற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பதிவை ரத்து செய்து, நம்பர் பிளேட்டை விதிப்படி ஒப்படைத்து, உரிமை மாற்றிய சீட்டின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், கழிவில் போன டிரெய்லரை யாரோ சரிசெய்து ஓட்டி, அபராதம் உங்கள் வீட்டுக்கு வரும்.

புதியதற்கு உற்பத்தியாளர் சான்று, விற்பனைப் பில், எடை விவரம் மூன்றும் சேஸிஸ் எண் பொருந்தும்படி வாங்குங்கள். பதிவாகும் வரை தற்காலிக அனுமதி இல்லாமல் ரோட்டில் இழுக்காதீர்கள். கடையிலிருந்து இழுத்துவரும் முன்பே இன்சூரன்ஸுக்குப் புது எண்ணும் புது மதிப்பும் அனுப்பி, பாலிசியில் சேர்த்த ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். படகு பழைய பாலிசியில் தொடர்வதால் டிரெய்லரும் தானாகத் தொடரும் என்று நினைப்பது தவறு. பட்டியலில் இன்னும் பழைய எண்தான் இருக்கும். உபரிச் சக்கரம், பூட்டு, தூண்கள் எல்லாவற்றையும் அந்தப் பட்டியலில் இப்போதே தனியாக ஏற்றச் சொல்லுங்கள்.

படகை ஏற்றிப் பொருத்தும் வேலையைக் கடையிலேயே செய்துகொள்வது நல்லது. வின்ச் தூணையும் பலகைகளையும் நகர்த்தி, கப்ளர்மேல் விழும் எடை டிரெய்லர் கையேட்டில் சொன்ன அளவுக்கு வர வேண்டும். குறைந்தால் ஓட்டத்தில் பின்பக்கம் ஆடும், கூடினால் வண்டியின் பின்புறம் அமுங்கும். முதல் பயணத்தில் 80 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்திச் சக்கர நட்டுகளைக் கையேடு சொல்லும் இறுக்கத்துக்கு மறுபடி இறுக்குங்கள். அப்படியே ஹப்பின்மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் மேற்கொண்டு ஓட்டாமல் கடைக்குப் போன் போடுங்கள், அது வாரண்டியில் வரும், இன்சூரன்ஸில் வராது.